பச்சைக் கட்டம்

பேரணாம்பட்டில் மே மாதம்.
மின்விசிறியை நிறுத்தினால்தான்
துணி அடங்கும்.

அடியில் என் பழைய பூனம் சேலை,
மொசைக் தரையோடு டேப் போட்டு ஒட்டியாயிற்று.
நடுவில் இரண்டாய் மடித்த நைந்த போர்வை.
மேலே குடியாத்தம் கைலித் துண்டுகள்.
ஜூனில் ஏலகிரி ஹாஸ்டலுக்குப் போகிறவள்
இப்போதே குளிரும் என்கிறாள்.

மூலைக்கொரு பாரம்:
குழவி, பருப்பு டப்பா, இஸ்திரிப் பெட்டி,
நாலாவதுக்கு ஏகாம்பரம்.
"ஆடாம குந்துய்யா."
குந்தினபடி போன் பார்க்கிறார்.

ஷூ கம்பெனியில்
மேல்தோல் தைக்கிறவள் நான்,
அங்கே ஒரு தையல் பிரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இது பிரிப்பதற்கென்றே ஓட்டுகிற தையல்,
விரல் நீளத்துக்கு ஒன்று,
கண்ணில் படட்டுமென்று சிவப்பு நூல்.
தரையில் இடிக்கும் ஊசி முனையை
ஸ்பூன் விளிம்பில் ஏந்தி ஏந்தி
முழங்கால் மரத்துப்போய்
மூக்கிலிருந்து ஒரு சொட்டு
பச்சைக் கட்டத்தில்.

கடைசி முடிச்சு.
விசிறி போட எழுந்தார்.
குழவி உருண்டது, டப்பா கவிழ்ந்தது,
மூன்றடுக்கும் கூடவே எழுந்தது.

அவர் கட்டியிருந்ததும் குடியாத்தம்.
அதே பச்சை.

கையால் கைலியைப் பிடித்துக்கொண்டு
இன்னொரு கையை நீட்டுகிறார்,
சுவிட்சுக்கு ஒரு சாண் குறைகிறது.
கத்தரிக்கோல் என் காலடியில்.
சிரித்து முடிக்கட்டும், எடுக்கிறேன்.