நாலு கட்டம்

எடைச் சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்.
அதில்தான் போட்டுப் பார்க்கிறேன்,
மேலே ரெண்டு, கீழே ரெண்டு.

தபாலில் படிக்கும் எம்.பி.ஏ.
பாடம் ஐந்து: ஆட்டக் கோட்பாடு.
தேர்வு ஆகஸ்டில்.
மாங்காய் ஜூலையோடு முடிந்துவிடும்,
படிக்க நேரம் கிடைக்கும் என்று நம்பிச் சேர்ந்தேன்.

புத்தகத்தில் இரண்டு கைதிகள், இரண்டு அறைகள்.
பேசிக்கொள்ள வழியில்லை.
அதனால்தான் காட்டிக்கொடுக்கிறார்களாம்.

காவேரிப்பட்டணம் சாலையில்
காலை ஆறுக்கு நான் இறங்கும்போது
முப்பத்தேழு வண்டிகள்.
எல்லார் கையிலும் போன்.
சந்தூர் பேசுகிறது, போச்சம்பள்ளி பேசுகிறது.
'மூணு நாளைக்கு யாரும் காய் பறிக்காதீங்க,
வெலை தானா ஏறும்.'
வாட்சப்பில் எழுபது கட்டைவிரல்கள்.

வரிசையில் முதல் வண்டி
அந்தச் செய்தியை அனுப்பிய திம்மராயனுடையது.

அவரைக் குறை சொல்ல முடியாது.
மற்றவர்கள் பறித்தால் அவரும் பறிப்பதே லாபம்.
பறிக்காவிட்டாலும்
அவர் பறிப்பதே லாபம்.
பெங்களூரா காம்பு கழன்றால்
எந்தச் சங்கத்துக்கும் காத்திருக்காது.

எதிரெதிரே இரண்டு கூழ் ஆலைகள்.
முதலாளிகள் பேசிக்கொண்டதே இல்லை,
கல்யாண வீட்டில்கூட வேறு வேறு பந்தி.
ஆறரைக்கு எங்கள் பலகையில் எட்டு ரூபாய் ஐம்பது.
அந்தப் பலகையிலும் எட்டு ரூபாய் ஐம்பது.
ஒருநாள் சாக்பீஸ் தீர்ந்து நாங்கள் தாமதித்தோம்.
எதிர்ப்பலகையும் வெறுமையாய்க் காத்திருந்தது.

பத்து மதிப்பெண் கேள்வியாக வந்தால் எழுதுவேன்:
பேசாதவர்கள் ஒத்துப்போகிறார்கள்.
நாள் முழுக்கப் பேசுகிறவர்கள்
ஒருவரையொருவர் முந்துகிறார்கள்.

இன்னொரு கட்டத்தை இன்னும் போடவில்லை.

டன்னுக்கு நாற்பது கிலோ கழிவு எழுதச் சொல்லி
மேனேஜர் உத்தரவு,
அழுகலே இல்லாத லோடுக்கும்.
எதிர் எடைமேடையில் தில்ஷாத்துக்கும் அதே.
ஒருத்தி மட்டும் மறுத்தால்
மறுநாள் அவள் நாற்காலியில் வேறொருத்தி.
இருவரும் மறுத்தால்
சீசன் நடுவில் ஆளுக்கு எங்கே போவார்கள்?

சாயங்காலம் ஒரே டவுன் பஸ், ஒரே சீட்.
அவள் எப்போதும் ஜன்னலோரம்.
கிருஷ்ணகிரி வரும்வரை
தங்கச்சி சீமந்தம், கண்டக்டரின் மீசை,
சிட்பண்டு ஓடிப்போன கதை
எல்லாம் பேசுவோம்,
நாற்பது கிலோவைத் தவிர.

போன செவ்வாய் அவள் டிபன் பாக்ஸை எடுத்தபோது
மூடியில் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு சீட்டு.
நாலு டன் லோடு.
நூற்றறுபது இருக்க வேண்டிய இடத்தில்
பன்னிரண்டு.

ஒட்டிக்கொண்டு வந்ததா, ஒட்ட வைத்தாளா,
இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் வேடியப்பன் வண்டி.
அழுகலைக் கூடையில் அள்ளி நிறுத்தேன்.
ஒன்பது கிலோ.
ஒன்பது என்று அடித்துவிட்டு
அரை மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறைதான் ஆட்டம் என்றால் காட்டிக்கொடு,
நாளைக்கும் அதே ஆள் என்றால் யோசி
என்கிறது புத்தகம்.
எங்களுக்கு நாளைக்கும் அதே பஸ்.

ஆனால் பக்கத்தைத் திருப்பினால்:
கடைசி நாள் தெரிந்துவிட்டால்
அன்றைக்கு ஏமாற்றலாம்.
அது தெரிவதால் அதற்கு முந்தின நாளே ஏமாற்றலாம்.
அதற்கும் முந்தின நாளே.
இப்படிப் பின்னுக்கு நடந்து நடந்து
கணக்கு இன்று காலைக்கே வந்து நிற்கிறது.

ஜூலை இருபத்தெட்டு ஆலை மூடல் என்று
கேட்டில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று.
அவர்கள் கேட்டிலும்தான்.

இன்றைக்கு அவள் ஜன்னலை எனக்கு விட்டாள்.
'ராயக்கோட்டை தக்காளி மண்டியில
கணக்கெழுத ஆள் கேக்குறாங்க.
ஆகஸ்டுல இருந்து.
ரெண்டு பேரு வேணுமாம்' என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

தேர்வு ஆகஸ்டில்.

எந்த பஸ் என்று கேட்டேன்.