பத்து, பதினாலு, ஆறு, ஐம்பத்திரண்டு

முல்லைத்தீவில், காணிப் பிரிவின் புது ஸ்கானர்
ஒரு நிமிடம் இருக்கும், மறு நிமிடம் இல்லை.
"மழைக்கு வயர் நனைஞ்சிருக்கும்" என்றார் நிர்வாக உத்தியோகத்தர்.
ஆடி மாதம். மூன்று மாதமாய் ஒரு துளி இல்லை.

வயரை மாற்றினேன். சுவிட்சில் வேறு வாய் பார்த்தேன்.
நிப்பாட்டிப் போட்டேன், அதுவும் செய்தேன்,
எல்லோரும் முதலில் செய்வதை நான் கடைசியில்.

பிறகு ஸ்கானரைப் பிடுங்கி மேசையில் கிடத்திவிட்டு
அதன் முகவரியைக் கூப்பிட்டேன்:
பத்து, பதினாலு, ஆறு, ஐம்பத்திரண்டு,
ஆர் அங்க?

பிடுங்கிய வயர் என் கையில்.
மறுமொழி வந்தது,
ஒன்பது மில்லி செக்கனில்,
ஓம், நான்தான் என்று.

ஒன்பது.
இந்தக் கட்டடத்துக்குள் என்றால் ஒன்றுகூட ஆகாது.

ஆறு பிரதேச செயலகம், நானூற்றுச் சொச்சம் கருவி,
நடுவில் ஒரு வேலியும் இல்லாமல் இழுத்த வலை.
கொழும்பில் இருந்துகொண்டு இழுத்தார்கள்.
தானாக முகவரி வழங்கும் சேர்வரும் அங்கேதான்.
அதன் பட்டியலில் ஐம்பத்திரண்டு
வெறுங்காணி.
வந்து பார்த்தவர் எவருமில்லை.

மறுமொழி சொன்ன கருவியின் பிறப்பிலக்கத்தில்
கடைசி நாலெழுத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
சுவிட்ச் சுவிட்சாக விசாரித்தேன்.
ஒட்டுசுட்டான்: இங்க இல்லை, மேற்கால பார்.
மாங்குளத்துக் கோபுரம்: இன்னும் அங்கால.
துணுக்காய்: பதினேழாம் வாய்.

மோட்டார் சைக்கிளில் அறுபது சொச்சம் கிலோமீற்றர்.
சோளகம் ஹெல்மெட்டுக்குள் புகுந்து ஊதியது.
மாங்குளம் சந்தியில் ஒரு பிளேன்ரீ.
கடைக்காரர் என் கையைப் பார்த்து
"லொத்தர் நம்பரோ?" என்றார்.

பதினேழாம் வாயின் வயர்
சீலிங்குக்குள் போய், ஒரு குளவிக்கூட்டைச் சுற்றி,
பின்வாசல் சுவரால் இறங்கியது.
விரல் வைத்து வரவு பதியும் பெட்டி.
அடியில், சுவரில், பென்சிலால்
இரண்டாயிரத்துப் பதினாலில் யாரோ:
10.14.6.52. மாற்ற வேண்டாம்.

பக்கத்தில் தும்புத்தடியோடு யோகமலர்.
நாட்கூலி. கிளார்க்மாருக்குக் கையெழுத்துப் புத்தகமும் உண்டு,
அவவுக்கு இந்தப் பெட்டி மட்டும்.

"தம்பி, என்ர விரல் தேஞ்சு போச்சாம்.
பதினொரு நாள் வரேல்லை எண்டு சம்பளம் வெட்டிப்போட்டினம்.
பிளீச்சிங் பவுடராலயாம். தேங்காயெண்ணெய் பூசிப் பாத்தன்.
இது எனக்குத் தாங்க்யூ சொல்லுது தம்பி,
ஒவ்வொரு நாளும் சொல்லுது.
பிறகேன் நான் வரேல்லை?"

லப்டொப்பைப் பெட்டியோடு நேரே பூட்டினேன்.
அதன் வயிற்றுக்குள் கிடந்தன
பதினொரு விடியல்கள்:
6.48, 6.51, 6.44,
ஒருநாள் மட்டும் 7.20.
"அண்டைக்கு பஸ் வரேல்லை" என்றா.

பெட்டிக்குத் தெரியும் அவ வந்தது.
தலைமையகம் அந்த முகவரியைக் கூப்பிட்ட போதெல்லாம்
ஸ்கானர் முந்திக்கொண்டு ஓம் என்றிருக்கிறது.
ஸ்கானருக்கு எந்த யோகமலரைத் தெரியும்?

கொழும்புக்கு எடுத்தேன்.
"அந்தப் பெட்டியை மாத்துங்க, அது பழசு,
ஸ்கானர்தான் அர்ஜன்ட்" என்றது ஒரு குரல்.
ஓம் என்றேன். வைத்தேன்.
முல்லைத்தீவில் இருந்த டிலக்சனிடம்
ஸ்கானருக்கு இருநூற்றுப் பதினொன்றை அடிக்கச் சொன்னேன்.

சொல்லுமுன் இருநூற்றுப் பதினொன்றை
மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தேன்.
சத்தமில்லை.
நாலாம் தரமும் கூப்பிட்டேன்.
ஆளில்லையா, பூட்டிவிட்டு எங்காவது போயிருக்கிறார்களா,
வலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.
சுவரில் ஐம்பத்திரண்டுக்குக் கீழே
அதையும் பென்சிலால் எழுதி, திகதி போட்டேன்.

பதினொரு நாளும் அச்சாகி வந்தது, ஒரே தாளில்.
மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டா.
பின்னேரம் போகும்போது பதியத் தேவையில்லை,
ஆனாலும் விரலைச் சேலையில் துடைத்து வைத்தா.

தாங்க்யூ என்றது பெட்டி.

"கேட்டனீங்களோ?" என்றா என்னிடம்.