முப்பத்தொண்ணு

மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போய்
மூன்று மணி நேரம்.
டார்ச் வெளிச்சத்தில்
நீலமீன் நீலமாக இல்லை;
துவைத்துத் துவைத்து வெளுத்த
பள்ளிச் சீருடை.

"முப்பத்தொண்ணு" என்றாள் தில்லைக்கரசி.
நான்கு நாளில்
என்னிடம் அவள் பேசிய முதல் சொல்.

ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலை
மூடியோடு மிதக்கவிட்டேன்.
"திறந்துடாதே, உப்பு இறங்கிடும்."
இது மூன்று சொல்.

தேவனாம்பட்டினத்தில் கடலும்
புழுங்கிக்கொண்டுதான் இருக்கும்.
அங்கே மீன் இன்னும் கீழே போய்க்கொள்ளும்.
இங்கே கீழே என்பது
ஒன்றரை அடி.
காலண்டர் அட்டையால்
முறைவைத்து விசிறினோம்.

"முப்பதரை."
"ம்."
"முப்பது."

விடிகிற நேரம் ஃபேன் சுழன்றது.
மீனின் முதுகோரம் மட்டும்
மை ஊறத் தொடங்கியிருந்தது.
உப்புக் கையை
என் பிடரியில் துடைத்துவிட்டு
பால் வாங்கப் போனாள்.