எந்த மாசத்துத் தண்ணி

பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள்
படகு வாங்கப் போனால் சிரிப்பார்கள்.
தெரிந்துதான் போனோம்.
இருபது மாசச் சீட்டை ஏழாம் மாசமே தள்ளி எடுத்து
நைட் டூட்டி முடிந்த கண்களோடு
நானும் பியூலாவும்
புது பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் வண்டி ஏறி
காவேரிப்பாக்கத்தில் இறங்கினோம்.

தயாளன் முதலில் காட்டியது அன்னம்.
எங்கோ பூங்காவில் ஏலம் போன மிதிபடகு.
கழுத்தில் பிளவு, ஒரு கண்ணில் பெயிண்ட் இல்லை.
"புள்ளைங்க ஆசப்படும்மா."
எங்களோடு பிள்ளைகள் யாரும் வரப்போவதில்லை
என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்தது பரிசல்.
உட்கார்ந்ததுமே சுற்றத் தொடங்கிவிட்டது.
"வார்டுல சுத்தறது பத்தாதா" என்று
பியூலா கரையேறிவிட்டாள்.

பிறகு பழவேற்காட்டிலிருந்து லாரியில் வந்த கடல் படகு,
இருபத்தெட்டு அடி.
எங்கள் இரண்டு வாடகை வீட்டையும்
நீளவாக்கில் ஒட்டினாலும் அவ்வளவு வராது.

நாலாவதை அவர் காட்டவேயில்லை.
கவிழ்ந்து கிடந்தது. முதுகில் மிளகாய் காய்ந்தது.
பியூலா மிளகாயை ஓரமாக ஒதுக்கி
சளி எங்கே கட்டியிருக்கிறது என்று
நோயாளியின் முதுகில் தட்டுவதுபோல
இரண்டு விரலால் தட்டிக்கொண்டே போனாள்.
ஓரிடத்தில் மட்டும் ஓசை மாறியது.
"இங்க ஓட்டை அடைச்சிருக்கீங்க."
தயாளன் அப்போதுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.
இரண்டாயிரம் குறைந்தது.

வாங்குவது சுலபம்.
எங்கே கட்டுவது?

மதகோரம் வேண்டாம், திறக்கிற அன்றைக்கு
வாய்க்கால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார் கரைக்காவலர்.
கலங்கல் பக்கம் பையன்கள்,
பீர் பாட்டில்கள், கைப்பேசிப் பாட்டு.
கருவேல மரத்தடியில் நிழல் உண்டு,
முள்ளும் உண்டு.
கன்னியம்மன் படித்துறையில்
ஞாயிற்றுக்கிழமை துவைக்க வருகிற பெண்கள்
எங்களை விசாரித்தே முடித்துவிடுவார்கள்:
வூட்டுக்காரரு இன்னா பண்றாரு, கொழந்தைங்க எத்தினி.

கடைசியில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி
அடிக்கணக்கு செதுக்கிய ஓர் அளவுக்கல்.
அதைத் தொட்டுப் பார்த்து
"இது எங்கயும் போவாது" என்றாள் பியூலா.
எங்கேயும் போகாதது ஒன்று
அவளுக்குத் தேவையாயிருந்தது என்று நினைக்கிறேன்.
கேட்கவில்லை.

"கயிறு எத்தினி அடி வெட்டட்டும்?"
"தண்ணி எவ்ளோ ஆழம்?"
"எந்த மாசத்துத் தண்ணிக்குக் கேக்கறீங்க?"

கார்த்திகையில் நாலு முழம் போதுமாயிருந்தது.
அளவுக்கல்லின் எண்கள் பாதிக்குமேல் முங்கி
படகு கல்லோடு உரசிக்கொண்டிருந்தது.
வாரம் ஒரு பகல்.
துடுப்பு போடத் தெரியாமல் வட்டமடித்தோம்.
தக்காளிச் சாதம், இரண்டு ஸ்பூன்,
அணைத்து வைத்த கைப்பேசிகள்.
யாருடைய பெயரையும் உரக்கக் கூப்பிடாத நாள்.

தை முடிய மூன்று எண்கள் வெளியே வந்தன.
கயிற்றில் இன்னொரு துண்டு முடிந்தோம்.
மாசியில் இன்னொன்று.
பங்குனியில் தயாளன் கயிற்றுக்குக் காசு வாங்கவில்லை.

சித்திரை ஞாயிறு.
அளவுக்கல் மொட்டையாக, அடிப்பீடம்வரை தெரிய,
நிலத்தில் நிற்கிறது.
அறுபது அடிக்கு அப்பால்
வெடித்த சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து எங்கள் படகு.
ஏறி உட்கார்ந்தோம். வேறென்ன செய்வது,
பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.
குடையை விரித்துக் கட்டினேன்.
பியூலா கால் நீட்டிப் படுத்தவள்
பதினோரு வருட இரவுகளுக்கும் சேர்த்துத் தூங்கினாள்.

ஆடு மேய்க்கிறவர் ஒருவர்
ஏரியின் நடுவில் நடந்து வந்து நின்றார்.
"தண்ணியே கீல,
இன்னாத்துக்குமா கட்டி வச்சிக்கீறீங்க?"

கண்ணைத் திறக்காமல் அவள் சொன்னாள்:
"காத்து அடிக்குது இல்ல."

அவர் யோசித்துப் பார்த்து
ஆமாம் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார்.
ஒரு குட்டி மட்டும் திரும்பி வந்து
கயிற்றை முகர்ந்தது.

ஐந்தரைக்கு பஸ்.
முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு
தண்ணீர் இருந்த இடத்தின்மேல்
செருப்போடு நடந்தோம்.