பதினோராவது போத்தல்

மின்விசிறி நிறுத்தியாயிற்று. யன்னலும் பூட்டு.
பம்பலப்பிட்டி ரயில் கடந்து
கண்ணாடி அதிர்வு ஓயட்டும்.

நோன்புக்கு மிஞ்சிய கடற்பாசி,
செவ்விளநீர், கொஞ்சம் சீனி.
பிறஷர் குக்கரில் அவிந்த
ஜாம் போத்தல்களுக்குள்
தூசு தூவுகிறேன்.

தூசு இல்லை, விதை.
கட்டுச்சோறு கட்டித்தராமல்
தாய் காற்றோடு அனுப்பியது.

"மூச்சு விடாதே" என்றேன் மர்ளியாவிடம்.
கடைசிப் போத்தலில் சிரித்துவிட்டாள்.
அதன் மூடியில்
'சிரித்தது' என்றும் எழுதி வைத்தாள்.

ஒன்பதாம் நாள்
பத்திலும் சாம்பல் ரோமம்.
பிளீச் ஊற்றிக் கழுவினேன்,
யாருடனும் பேசவில்லை.

மாசி மாதம்
குசினி யன்னல் திரைக்குப் பின்னால்
எறிய மறந்த அந்த ஒன்று.
பாசியா, முளையா?
டோர்ச் அடித்தேன்.
கடுகிலும் சிறிய பச்சைகள்.

திறக்காதே என்கிறேன்.
குனிகிறாள்.
கண்ணாடிக்கு வெளியே
வட்டமாய்ப் படிகிறது
அவள் மூச்சு.