வெளியேறிய நேரம்

திங்கட்கிழமை காலை, பாதை தொடங்கும் இடத்தில்
கம்பத்தில் அறைந்த மரப்பெட்டியைத் திறப்பேன்.
உள்ளே ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில்.
பெரும்பாலும் நூல் மட்டும்.

பெயர். எத்தனை பேர். எந்த ஏரி. உள்ளே போன நேரம்.
கடைசிக் கட்டம், வெளியேறிய நேரம்.
அதுதான் எப்போதும் காலி.

போகும்போது எல்லோருக்கும் கையெழுத்து அழகாக வருகிறது.
திரும்பும்போது கால் கடுக்கிறது, ஈ காதைக் கடித்திருக்கிறது,
பிள்ளை முன்னால் ஓடிப்போய் ஹாரனை அழுத்துகிறது.
‘போய்’ என்று எழுதியவர்கள்
‘வருகிறேன்’ என்பதை எழுதாமலே
நெடுஞ்சாலை ஏறிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் மெல்பி கிராசிங்.
ஒரு பெட்ரோல் பங்க், அதே கல்லாவில்
தூண்டில் புழுவும் பிறந்தநாள் கேக்கும்.
காட்டுக்குள் மூன்று ஏரிகள்:
ஒற்றைப் பூட்ஸ், சின்ன ஒற்றைப் பூட்ஸ்,
பெயர் வைக்கச் சலித்துப்போன மூன்றாவது.
கோடையில் சிகாகோக்காரர்கள்
காரின் தலையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு வந்து
வழி கேட்பார்கள்.
வழி ஒன்றுதான்.

மாவட்டம் எனக்குத் தருவது
வாரத்துக்கு ஆறு மணி நேரச் சம்பளம்.
குப்பை, விழுந்த மரம், கழிப்பறைக் காகிதம், இந்த நோட்டு.
சொல்லாத வேலை ஒன்றையும் செய்கிறேன்:
வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு காரும் இல்லையென்றால்
காலிக் கட்டங்களை நானே நிரப்புவேன்.

டுவெய்ன் லாகஸ், மூன்று பேர், மாலை 4.20.
நாயை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்த்தேன்.
தாள் கிழிய அழுத்தி எழுதியிருந்த ஒரு தம்பதிக்கு
அவருக்கு மூன்று மணி, அவளுக்கு நாலரை.
பெயரோடு வயதையும் எழுதிவைத்த
எட்டு வயது கோரா விட்டிக்கு
நட்சத்திரம் பார்த்த பிறகு, 9.45.
அம்மா விட்டிருக்க மாட்டாள்.
நான் விட்டேன்.

செப்டம்பர் மூன்றாவது திங்கள் ஒரு கார் நின்றது.
கண்ணாடியில் பிர்ச் இலை, மஞ்சளாக, நனைந்து ஒட்டியிருந்தது.
நோட்டில்: தியா நார்க்விஸ்ட். ஒருவர். மூன்றாவது ஏரி.
சனி, காலை 6.10.

ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும், விதி அது.
டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறாமல்
ஏரிப் பக்கம் இறங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நான்கு மைல். பலகை போட்ட சதுப்பு.
மூஸின் குளம்படிகளில் தேங்கிய நீர், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம்.
கடைசித் திருப்பத்தில் அவள் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்,
அதற்குள் தெரிந்துவிட்டாள்.
பாறைமேல், ஈரத் தலையோடு, சாக்ஸைப் பிழிந்துகொண்டு.
முகம் பழக்கம்தான். மருத்துவமனையில் என் கையில்
மூன்றாம் முறை குத்தி நரம்பைக் கண்டுபிடித்தவள்.

“என்னைத் தேடுகிறார்களா?”
“இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தது.”

அவள் சிரிக்கவில்லை.
பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள், அடியில் தூள்தான் இருந்தது.
ஏரி நடுவில் ஒரு லூன் பறவை முங்கியது.
எங்கே எழும் என்று ஆளுக்கு ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இரண்டு இடத்திலும் எழவில்லை.

கூட வருகிறாயா என்று நான் கேட்கவில்லை.
மேட்டில் ஏறி, ஷெரீஃபின் ஆளிடம் சொன்னேன்:
கார் நிற்கும். இழுத்துப் போக வேண்டாம்.
“எவ்வளவு நாளைக்கு?” என்றான்.
எனக்குத் தெரிந்த நேரமெல்லாம் நானே எழுதியவை.
தெரியாது என்றேன்.

புதன்கிழமை கார் இல்லை.
சரளையில் காய்ந்த நீள்சதுரம் ஒன்று,
மழை அதையும் நனைக்கத் தொடங்கியிருந்தது.
பெட்டியைத் திறந்தேன். அவள் வரிசையில்
எனக்கு நிரப்ப ஒன்றும் மிச்சமில்லை.
வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில்
அவளே எழுதியிருந்தாள்:
பசித்தபோது.

பென்சிலைத்தான் காணோம்.