நீராகாமல்

மார்ச் மாத வெயில். மைனஸ் இருபத்தெட்டு.
நியுர்குயானா கொடியில் போட்ட சட்டை
கிளிப் மாட்டி முடிப்பதற்குள் பலகை.
இரு கையும் விரித்து நிற்கிறது,
மிர்னி சுரங்கத்துக்குப் போன உய்குலான்
திரும்பி வந்து நிற்பதுபோல.

உள்ளே ஒவ்வொரு துகளும்
நின்ற இடத்திலேயே நடுங்குகிறது,
பக்கத்துத் தோளை விடாமல்.

அடுப்படி வாளியில்
ஆற்றில் அறுத்து வந்த பனிக்கட்டி இளகுகிறது.
அங்கே பிடி தளர்ந்து
ஒன்றையொன்று உரசி, நழுவி,
வாளி சொன்ன வடிவத்துக்குச் சம்மதிக்கின்றன.
கெட்டிலின் மூக்கில் புறப்பட்டவையோ
ஒட்டுமில்லை உறவுமில்லை,
கூரையை முட்டி எங்கேயோ.

நான்காம் நாள் சட்டையைத் தட்டினாள்.
கொஞ்சம் வெள்ளைத் தூள்.
துணி வளைந்தது.
கீழே பனியில் ஒரு சொட்டுத் தடமில்லை.
ஒரு கணமும் நீராய் இராமல்
கெட்டியிலிருந்து நேரே காற்றுக்கு.

அவனும் கதவருகே நின்றான்,
பிறகு இல்லை.
நடுவில் ஈரம் ஏதும் இருந்ததா?
கழுத்துப் பட்டையைக்
கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள்.

காய்ந்திருக்கிறது.
பித்தான் மட்டும் சுடுகிறது, குளிரில்.